மார்க்க வகுப்பில் ஆசிரியரும் மாணாக்கரும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவரை நான்கு உவமைகளால் விளக்குகிறார். கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. ஆண்டுதோறும் இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது மடற்பனைக்கு வந்ததும் என் குரல் சற்றே தயங்கும். தன்மீது எவரும் ஏறிவிடாதபடி கருக்கு மட்டைகளால் தன்னைச் சூழ்ந்துகொண்டு, பழம் தானாக விழுந்தாலன்றிப் பிறர்க்குப் பயன்படாத பனை அது. மாணாக்கர்க்கு அது தேர்வுக்குரிய ஒரு வினா, அவ்வளவே. எனக்கோ அது இரண்டு முகங்களை நினைவுறுத்துவது. ஒன்று, இளமையில் எனக்குத் திருமறை ஓதக் கற்றுக்கொடுத்த ஹஜ்ரத் அவர்களின் முகம். மற்றொன்று, பிற்காலத்தில் வகுப்பறையின் மேடையில் நின்ற என் முகம்.

இம்மலருக்கு மார்க்கக் கல்வி பற்றி ஒரு கட்டுரை தருமாறு பணிக்கப்பட்டபோது, பாடத்திட்டம் குறித்தோ பாடநூல்கள் குறித்தோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். மக்தபுகளிலும் கல்லூரிகளின் தீனிய்யாத் வகுப்புகளிலும் பயன்படும் நூல்கள் காலத்திற்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் நம் மார்க்க வகுப்புகளின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. மாணாக்கரின் வினா ஆசிரியரைச் சென்றடையும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. அவ்வழி திறக்கப்படாதவரை எத்தனை நூல்களை மாற்றினும் பயன் விளையாது என்பது என் துணிபு. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. குற்றவாளிகளுள் நானும் ஒருவன் என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

ஓதற்பள்ளியில்

காவிரியின் கடைமடையில் உள்ள சிற்றூர் எங்களுடையது. சுபுஹுத் தொழுகை முடிந்து பொழுது புலரும் வேளையில், தலையில் தொப்பியும் மார்போடு அணைத்த ஜுஸ்வுமாகப் பிள்ளைகள் பள்ளிவாசலின் புறத்திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடுவோம். ரெஹல்கள் வரிசையாக விரிக்கப்படும். அலிஃப், பே சொல்லும் ஐந்து வயதுக் குழந்தையும் யாஸீன் சூராவை மனனம் செய்யும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே திண்ணையில்தான். பிள்ளைகள் ஏறத்தாழ அறுபது பேர்; ஹஜ்ரத் ஒருவர். அவரவர் பாடத்தை அவரவர் உரக்க ஓதும் ஓசை தெருமுனை வரை கேட்கும். அத்துணை இரைச்சலுக்கிடையே எவன் ஓதுகிறான், எவன் வெறுமனே வாயசைக்கிறான் என்பதை ஹஜ்ரத்தின் செவி எவ்வாறுதான் பிரித்தறிந்ததோ, இன்றளவும் எனக்கு வியப்பே.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் அடுத்த வீட்டில் ஓர் இந்து மூதாட்டி வாழ்ந்துவந்தார். என் உம்மா நோயுற்றுப் படுத்திருந்த ஓராண்டுக் காலம் எனக்குத் தலைவாரிவிட்டு, சோறூட்டி, பள்ளிக்கூடத்திற்கு அனுப்பியவர் அவர். அவர் இறந்த மறுநாட்காலை, ஓதற்பள்ளியில் ஹஜ்ரத் மறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹஜ்ரத், எங்க அடுத்த வீட்டுப் பாட்டி எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டேன். திண்ணை முழுதும் அடங்கிப்போயிற்று. "ஓத வந்தா ஓதணும். கேள்வியா கேக்குறே?" என்றவர் பிரம்பை எடுத்தார். மூன்று அடி. நான் அழுதது அடி பொறுக்காமல் என்றே அங்கிருந்தோர் அனைவரும் எண்ணினர். ஹஜ்ரத்தும் அவ்வாறே எண்ணியிருப்பார்.

அவரைக் கொடியவர் என்று எவரும் கருதிவிட வேண்டா. அதே ஆண்டில் எனக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டபோது, இருமுறை வீடு தேடி வந்து தலைமாட்டில் அமர்ந்து ஓதிச் சென்றவர் அவரே. இன்று என் நாவில் திருமறையின் உச்சரிப்பு ஓரளவேனும் பிழையின்றி நிற்கிறதென்றால் அது அவர் இட்ட பிச்சை. ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதன்பின் நான்கு ஆண்டுகள் அவரிடம் ஓதினேன். குர்ஆன் தமாம் ஆயிற்று; வாப்பா தெருவுக்கே இனிப்பு வழங்கினார். அந்நான்கு ஆண்டுகளில் என் உள்ளத்தில் எழுந்த வினாக்களுள் ஒன்றுகூட அவரைச் சென்றடையவில்லை. மார்க்கம் என்றவுடன் பிரம்பின் நினைவு முந்திக்கொண்டு வருவதைக் கல்லூரியில் பயின்ற காலம் வரை நான் உணர்ந்திருக்கிறேன். தொழுகையைக் கைவிட்டிருந்த ஆண்டுகளும் உண்டு. மீண்டு வந்த கதை இங்கு வேண்டா.

அன்று ஹஜ்ரத் என்ன விடை கூறியிருக்கலாம் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு இறைவனுக்கே உரியது, அவன் எவர்க்கும் அணுவளவும் அநீதி இழைப்பவன் அல்லன் என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டியதில்லை. "பாட்டி உன்மேலே பாசமா இருந்தாங்களா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு மறுமையின் சட்டம் தேவைப்படவில்லை. யாரிடமாவது அழ வேண்டியிருந்தது.

அண்ணலாரின் அவையில்

மார்க்கக் கல்விக்கே தோற்றுவாய் எனத்தக்க நிகழ்ச்சியொன்றை உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது இடம்பெற்றுள்ளது. தூய வெண்ணிற ஆடையும் கருநிறத் தலைமுடியும் கொண்ட ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்கு வருகிறார். பயணம் செய்து வந்த அடையாளம் எதுவும் அவரிடம் இல்லை. அவையிலிருந்த எவர்க்கும் அவரைத் தெரியவுமில்லை. வந்தவர் பெருமானாரின் முழங்கால்களோடு தம் முழங்கால்கள் பொருந்துமாறு நெருங்கி அமர்ந்து, இஸ்லாம் யாது, ஈமான் யாது, இஹ்ஸான் யாது என அடுத்தடுத்து வினவுகிறார். விடை கிடைத்ததும் சரியே என ஒப்புதலும் அளிக்கிறார். வினவுபவரே விடையைச் சரி என்கிறாரே எனத் தோழர்கள் வியக்கின்றனர். அவர் சென்ற பிறகே வந்தவர் ஜிப்ரீல் (அலை) என்பதும், தோழர்களுக்கு மார்க்கத்தைக் கற்பிக்கவே அவர் வந்தார் என்பதும் பெருமானாரால் தெரிவிக்கப்படுகின்றன.

இந்நிகழ்ச்சியை நம் பள்ளிவாசல்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஈமானின் உறுப்புகளை எண்ணிச் சொல்லவே அது பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. அதன் அமைப்பை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. அங்கே சொற்பொழிவு ஏதும் நிகழவில்லை. முதலிலிருந்து முடிவு வரை வினாவும் விடையுமே. விடை சொன்னவர் பெருமானார். எனினும் கற்பிக்க வந்தவர் என்ற பெயர் வினாக் கேட்டவருக்குக் கிடைத்தது. ஆசிரியர்க்கும் வினவுபவர்க்கும் இடையே இருந்த தொலைவு முழங்கால் தொடும் தொலைவு. இவற்றினும் மேலாக ஒன்றுண்டு. இறுதிநாள் எப்போது என்ற வினா எழுந்தபோது, அதுபற்றிக் கேட்பவரைவிடத் தாம் மிகுதியாக அறிந்தவர் அல்லர் என்றே பெருமானார் விடையிறுத்தார்கள். இறைத்தூதர் தம் தோழர் அவையில், மார்க்கம் பற்றிய வினா ஒன்றிற்கு, தமக்குத் தெரியாது என்கிறார்கள். நம்முள் எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் அச்சொல்லை வாய்திறந்து சொல்லியிருக்கிறோம்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட்டபோது 32 வினாக்களுக்குத் தெரியாது என்றே விடை தந்தார்கள் என்றோர் அறிவிப்பு உண்டு. மதீனாவின் பேரறிஞர்க்கே மூன்றில் இரண்டு பங்கு தெரியவில்லை. நமக்கோ எல்லாமே தெரிந்திருக்கிறது!

முஆவியா இப்னு ஹகம் (ரலி) என்னும் தோழரின் நிகழ்ச்சியும் முஸ்லிமில் உள்ளதே. தொழுகையில் நிற்கும்போது ஒருவர் தும்ம, இவர் வழக்கம்போல் அவருக்கு மறுமொழியாக வாழ்த்துக் கூறிவிடுகிறார். அருகிலிருந்தோர் முறைத்துப் பார்க்கின்றனர். தொடையில் தட்டி அடக்குகின்றனர். தொழுகை முடிந்ததும் பெருமானார் அவரை அழைத்து, தொழுகையில் உலகப் பேச்சு தகாது என்பதையும் அதில் சொல்லத்தக்கவை யாவை என்பதையும் விளக்கினார்கள். தம்மை அவர்கள் கடியவும் இல்லை, அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை என்றும், அவர்களுக்கு முன்னும் பின்னும் அவர்களினும் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்றும் அத்தோழர் பின்னாளில் நெகிழ்ந்துரைக்கிறார். இந்த நிகழ்ச்சியில் என்னைக் கவர்வது ஒரு சிறு பகுதி. மனநிறைவுற்ற அவர் உடனே அடுத்தடுத்து வினவத் தொடங்கிவிடுகிறார். தாம் அறியாமைக் காலத்திலிருந்து அண்மையில்தான் வெளிவந்தவர் என்கிறார். தம் கூட்டத்தார் குறிசொல்வோரிடம் செல்வதைச் சொல்கிறார். சகுனம் பார்ப்பதைச் சொல்கிறார். இறுதியில் தம் அடிமைப் பெண்ணைத் தாம் அறைந்துவிட்ட குற்றத்தையும் தாமே வெளியிடுகிறார். முதல் பிழைக்கு அடி விழுந்திருந்தால் ஏனையவை வெளிவந்திருக்குமா?

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே எழுத வேண்டும். இங்கு ஒன்று மட்டும். நாணம் காரணமாக மார்க்கத்தைக் கேட்டறியாமல் இருந்துவிடாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். நம் பெண்பிள்ளைகள் தூய்மை பற்றிய தம் ஐயங்களை வினவத்தக்க ஆலிமா ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும்.

அதபும் அச்சமும்

வினாவுக்கு இடங்கொடுத்தால் அதபு குன்றிவிடும் என்று மூத்தோர் சிலர் அஞ்சுகின்றனர். அவர்தம் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆசிரியரின் எதிரே கால்மேல் கால் போட்டு அமர்ந்து, அவரை மடக்குவதற்கென்றே கேள்வி தேடிவரும் இளைஞரையும் கண்டிருக்கிறேன். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் சேர்ந்து சென்ற வரலாற்றை அவர்கள் சான்று காட்டுவர். திருமறையின் 18 ஆம் அத்தியாயத்தில் வரும் அவ்வரலாற்றில், தாமே விளக்கும்வரை எதையும் வினவலாகாது என்பது ஆசிரியர் விதித்த நிபந்தனைதான். மூஸா (அலை) மும்முறை பொறுமையிழந்ததால் பிரிவு நேர்ந்ததும் உண்மையே. ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. பிரியும் முன்னர், படகைச் சேதப்படுத்தியது ஏன், சிறுவனின் நிகழ்ச்சி ஏன், கூலியின்றிச் சுவரை நிமிர்த்தியது ஏன் என மூன்றிற்கும் காரணத்தை ஹிள்ர் (அலை) விரிவாக எடுத்துரைக்கிறார். நிபந்தனையை மீறிய மாணாக்கர்க்கும் விளக்கம் மறுக்கப்படவில்லை. நம் வகுப்புகளில் நிபந்தனை மட்டும் இருக்கிறது, விளக்கத்தைக் காணோம்.

பிள்ளையை ஓதற்பள்ளியில் சேர்க்க வரும் தந்தையர், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஹஜ்ரத்" என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அன்பின் மிகுதியால் சொன்னதாகவே அவர்கள் கருதினர். இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய முகத்திமாவில் இதைப் பற்றிக் கடுமையாகவே எச்சரித்திருக்கிறார். அடக்குமுறையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் குன்றிச் சோம்பலுக்கு ஆளாகிறது. அடிக்கு அஞ்சிப் பொய் சொல்லவும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டவும் பழகுகிறது. நாளடைவில் அதுவே அதன் இயல்பாகிவிடுகிறது என்கிறார் அவர். மார்க்க வகுப்பில் இதனினும் பெரிய கேடு வேறென்ன? உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கக் கற்பிக்கும் இடத்திலேயே நயவஞ்சகத்திற்குப் பயிற்சி கிடைக்கிறது. இமாம் கஸ்ஸாலி (1058-1111) ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது, மாணாக்கரைத் தம் மக்களாகக் கருதிப் பரிவு காட்டுவதையே முதற்கடமையாக வைத்தார். மாணாக்கர் ஒருவர்க்கு அவர் விடுத்த அறிவுரை மடல் மகனே என்னும் விளியாலேயே பெயர்பெற்று விளங்குகிறது.

நாட்டின் சட்டமும் இது தொடர்பாக எண்ணத்தக்கது. அரசின் ஏற்பையோ நிதியுதவியையோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய இசைவின்றியோ, அவர் வயது வராதவராயின் காப்பாளரின் இசைவின்றியோ, சமய போதனையில் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) ஆம் பிரிவு. இதைப் பலர் இடையூறாகக் கருதுகின்றனர். எனக்கு அது நல்ல நினைவூட்டலாகவே தோன்றுகிறது. வருகைப் பதிவேட்டால் மாணாக்கரை வகுப்பில் அமர்த்தலாம். அவருடைய உள்ளத்தின் இசைவைப் பதிவேடு பெற்றுத் தராது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17 ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. 2012 இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேதபாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிற்று. சமயக் கல்வியின் தனித்தன்மையைக் காக்கத் தரப்பட்ட அவ்விலக்கைப் பிரம்புக்குத் தரப்பட்ட உரிமமாக எவரும் கொள்ளலாகாது.

ஊர்ப்பெரியவர்களுக்கு

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டு, ஹஜ்ரத்மார்கள் திருந்த வேண்டும் என்று பெரியவர்கள் தலையசைத்துவிட்டுப் போய்விடலாகாது. என் ஹஜ்ரத் அவர்களைப் பற்றி நான் அறிந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விடியற்காலைத் தொழுகைக்கு முன்பே எழுந்து ஐவேளையும் தொழவைத்து, காலையும் மாலையும் அறுபது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, நிக்காஹ், ஜனாஸா அனைத்தையும் நடத்தியவர் அவர். அவர் பெற்ற ஊதியம் ஒரு கடைச் சிப்பந்தியின் ஊதியத்தை எட்டவில்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததற்காக, நிர்வாகத்தில் இருந்த ஒருவர் எங்கள் அனைவரின் முன்னிலையிலும் அவரை நிற்கவைத்து ஒருமையில் ஏசினார். ஹஜ்ரத் தலைகுனிந்து நின்றார். அன்று காலை பிரம்பு வழக்கத்தினும் மிகுதியாகப் பேசிற்று. அவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கியது.

பிள்ளைகள் கூர்மையானவர்கள். சமுதாயம் யாரை மதிக்கிறது என்பதை அவர்கள் எவரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறார்கள். கணக்குத் தனிப்பயிற்சி ஆசிரியருக்கு மாதந்தவறாமல் கட்டணம் செலுத்தி, அவர் வந்தால் நாற்காலி எடுத்துப் போடும் இல்லங்களிலேயே, ஹஜ்ரத்துக்கு உரியதைக் கொடுக்க மூன்று மாதம் இழுத்தடிப்பது எத்தகைய பாடம்! ஒரு மக்தபில் ஓராசிரியர்க்கு இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கலாகாது என்று ஜமாஅத்துகள் வரையறுத்தால், பிள்ளைகளின் பெயரையாவது அவரால் நினைவில் வைக்க இயலும். இரண்டாண்டுக்கொரு முறை ஆசிரியரை மாற்றும் ஊர்களில் உறவு எங்ஙனம் வேர்கொள்ளும்? பள்ளிவாசலின் மினாராவை உயர்த்தத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் மினாரா குட்டையாகிவிடாது.

என் பிழை

கல்லூரியில் தீனிய்யாத் வகுப்பை அரபுத் துறையினர் மட்டுமன்றிப் பிற துறை முஸ்லிம் ஆசிரியர்களும் பகிர்ந்துகொள்வது உண்டு. அவ்வகையில் சில ஆண்டுகள் அப்பொறுப்பு எனக்கும் வாய்த்தது. ஒருநாள் பாடம், வட்டி விலக்கப்பட்டிருப்பது பற்றி. நன்றாகவே நடத்தினேன் என்ற நிறைவில் இருந்தேன். வணிகவியல் முதலாண்டு மாணவர் ஒருவர், ஒருநாளும் வாய்திறவாதவர், எழுந்து நின்றார். "ஐயா, வட்டிக்கு வாங்கின பணத்துல படிச்சா அந்தப் படிப்பும் ஹராமா?" என்றார். மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "வட்டி வட்டிதான் தம்பி, இதுல என்ன சந்தேகம்? உட்காருங்க" என்றேன். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. பதிவேட்டில் வரவில்லை எனக் குறித்தேன். அதற்கடுத்த வாரமும் குறித்தேன். மூன்றாம் வாரம், நான்காம் வாரம் அப்படியே. என் கடமை முடிந்ததாகவே கருதியிருந்தேன். பின்னர் ஒருநாள் அவருடைய நண்பர் ஒருவர் வாயிலாகச் செய்தி தெரிந்தது. அம்மாணவரின் கட்டணத்திற்காகத் தாயின் தாலிச் சங்கிலியை வங்கியில் அடகுவைத்திருந்தனர். முகவரி கேட்டுக்கொண்டு சென்றேன். ஓட்டுவீடு. தாயார் வெளியே வந்தார். "அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான் சார். நகையை மீட்டுட்டுத்தான் மத்ததுன்னு சொல்லிட்டான். காலேஜுல ஏதும் தப்புப் பண்ணிட்டானா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டுத் திரும்பினேன். என்னால்தான் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அவ்வினாவிற்குரிய ஃபிக்ஹுச் சட்டத்தை நான் இங்கே ஆராயப் புகவில்லை. அதற்குரியோர் உலமாப் பெருமக்கள். ஆனால் ஏன் கேட்கிறீர்கள் தம்பி என்று திருப்பிக் கேட்க எந்தச் சட்ட அறிவும் வேண்டியதில்லை. முன்னாள் மாணவர் வழங்கும் உதவித்தொகைக்குரிய விண்ணப்பங்கள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தன. ஜகாத் நிதியிலிருந்து மாணவர்க்கு உதவும் செல்வர்களையும் நான் அறிவேன். வினா வந்தது, வினாவுக்குப் பின்னே ஒரு வீடு இருந்தது, நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மடற்பனையாக நின்றவன் நானே.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அவைக்கு வந்துகொண்டிருந்த ஏழை மாணாக்கர் ஒருவர், குடும்பத்தின் வறுமையால் வருவதை நிறுத்திக்கொண்டார். இமாமவர்கள் அவர் வராததைக் கவனித்து, மீண்டும் கண்டபோது காரணம் வினவினார்கள். அவை கலைந்தபின் பணமுடிப்பொன்றைக் கையில் கொடுத்து, தீர்ந்ததும் தெரிவிக்குமாறு கூறினார்கள். அந்த ஏழை மாணாக்கரே பின்னாளில் பக்தாதின் தலைமை நீதிபதியாக உயர்ந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்). பெரியோர்க்கும் முதற்பார்வையில் தவறு நேரக்கூடும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. சீறாப்புராணம் பாடப் பொருளுரை வேண்டி வந்த உமறுப்புலவரை, அவருடைய அரசவைக் கோலத்தைக் கண்டு கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் முதலில் ஏற்க மறுத்ததாகவும், பின்னர்க் கனவில் ஆணை பெற்று அவரை அழைத்து உதவியதாகவும் வழிவழிச் செய்தி கூறுகிறது. அந்த இரண்டாம் அழைப்பு இல்லையேல் 5027 பாடல்கள் நமக்கு இல்லை. அவ்வுமறுக்கு முன்பே தமிழ் கற்பித்து ஆளாக்கியவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் என்பதையும் மறத்தலாகாது. நம் கல்லூரிகளில் தீனிய்யாத் வேளையில் தனியறையில் நல்லொழுக்க வகுப்பிற்கு அமரும் பிற சமய மாணவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

என் மாணவரை நான் இரண்டாம் முறை அழைக்க முயன்றேன். தொலைபேசியில் கிடைத்தார், மரியாதையாகவே பேசினார், வரவில்லை.

அதன்பின் என் வகுப்பில் சிறு மாற்றம் செய்துகொண்டேன். இறுதிப் பதினைந்து நிமிடம் வினாக்களுக்கு. எழுந்து கேட்கக் கூச்சப்படுவோர் பெயரெழுதாமல் துண்டுத்தாளில் எழுதித் தரலாம். முதல் இரண்டு வாரம் ஒரு தாளும் வரவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு வந்தன. அவற்றுள் ஒன்று விளையாட்டுக்காக எழுதியது. இப்போது ஏழெட்டு வருகின்றன. இவ்வினாக்களை நாம் கேளாவிடின் மாணவர்கள் கைப்பேசியிடம் கேட்கிறார்கள் என்பதையும் அத்தாள்களே எனக்குக் கற்பித்தன. யாரென்று தெரியாத ஒருவர், எந்த ஊரிலோ அமர்ந்து, இவர்களின் முகத்தைப் பாராமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறார். நான் அன்று செய்ததும் அதுவேதான் என்பதால் அவரைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. விடை தெரியாதபோது தெரியாது என்கிறேன். முதன்முறை அவ்வாறு சொன்னபோது வகுப்பு சிரிக்குமென்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

சென்ற வாரம் வந்த தாளொன்றில், தொழும்போது மனம் ஒன்றவில்லை, ஒன்றாமலே தொழுவது நடிப்பு ஆகாதா என்று எழுதியிருந்தது. கையெழுத்தைக் கொண்டு எழுதியவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் சிறிது கூறிவிட்டு, முறையாகக் கற்றவர் ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னேன். அருகிலுள்ள பள்ளிவாசலின் இளம் ஆலிம் ஒருவர் வர இசைந்திருக்கிறார். மேடையும் மேசையும் வேண்டா, மாணவர்களோடு தரையிலேயே அமர்ந்து பேசுகிறேன் என்றார். வரும் வியாழக்கிழமைக்கு நான்கு பாய்கள் வேண்டுமென்று விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.